வார்டு வாசலில் நான் கட்டிய வேப்பிலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். செவிலியர் படிப்பு படித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஊரெல்லாம் கிருமியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான், ரத்தப் புற்றுநோய்க்காரப் பெண் படுத்திருந்த அறையின் வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டினேன். கட்டியதோடு நிற்கவில்லை. நாலடி தள்ளி நின்று, கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியவன் மாதிரி அழகு வேறு பார்த்தேன். இப்படி ஒரு காரியம் செய்த செவிலியர் தருமபுரி மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தால் ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம், தலைவர் பதவி எனக்கு.

இதை இப்போது எழுதக் காரணம், நான் வேலை பார்த்த மருத்துவமனையில் புது வார்டு திறந்திருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கென்றே தனி வார்டு. கதவு தானாகத் திறக்கிறது. குழாய்க்கடியில் கையை நீட்டினால் தண்ணீர் தானாகக் கொட்டுகிறது. அங்கே இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள், "பிரதர், இதெல்லாம் இல்லாம அப்ப எப்பிடிச் சமாளிச்சீங்க? ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார்கள். பெண் செவிலியரை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஊர், ஆண் செவிலியரை பிரதர் என்று கூப்பிடுகிறது. என் சொந்தத் தங்கச்சியே ஒருமுறை கூட்டத்தில் என்னை "பிரதர்" என்று கூப்பிட்டாள்.

சமாளித்தோம் என்று யார் சொன்னது? பயந்தோம். காலையில் பயந்துகொண்டே வேலைக்குப் போய், மாலையில் பயந்துகொண்டே வீட்டுக்கு வந்தோம். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது இருமினால் என் கை தானாக மூக்குக்குப் போகிறது. 

நான் இந்த வேலைக்கு வந்த கதை சுருக்கமானது. அப்பா என்னைப் போலீஸ் ஆக்க நினைத்தார். மார்பு அளவில் தோற்றேன். பட்டாளத்துக்குப் போனேன், ஓட்டத்தில் தோற்றேன். நர்ஸிங் படிப்பில்தான் ஓடவும் வேண்டாம், மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கவும் வேண்டாம் என்றார்கள். அது பொய் என்று முதல் நாள் டியூட்டியிலேயே தெரிந்தது. ஓடினேன், நாற்றம் தாங்காமல் மூச்சையும் பிடித்தேன்.

உண்மையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் எங்கள் வார்டின் பொறுப்பு செவிலியர் எஸ்தர் சிஸ்டர். அரூர்ப் பக்கம். ஒல்லியான உடம்பு, சத்தமே இல்லாத செருப்பு. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். சாதாரணமாக "ராஜமாணிக்கம்" என்பார். தப்பு செய்தால் "ராஜமாணிக்கம் சார்" என்பார். "கொஞ்சம் உக்காருங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டாரானால், அன்றைக்கு நாம் முடிந்தோம்.

வந்த புதிதில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தை என் உள்ளங்கையில் ஊற்றினார். "கண்ணை மூடிக்கிட்டு, இதை சோப்புன்னு நெனச்சு கை கழுவுங்க" என்றார். கழுவினேன். கண்ணைத் திறந்தேன். உள்ளங்கை, விரல்கள் எல்லாம் ஊதா. கட்டைவிரல் இரண்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. விரல் இடுக்கு வெள்ளை. நகக்கண் வெள்ளை.

"மருந்து படாத எடமெல்லாம் நீங்க தெனமும் கழுவாத எடம். அந்தக் கட்டைவெரலாலதான் ஊசியைப் புடிக்கிறீங்க" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

அந்த ஊதா ஒரு வாரம் போகவில்லை. மாமியார் வீட்டுக்குப் போனபோது, "இன்னாங்க மாப்பிள்ள, எலக்சன் ஒண்ணும் இல்லையே, இத்தனை ஓட்டு யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு கட்டைவிரலைத் தனியாகப் பிடித்துத் திருகிக் கழுவாமல் நான் சோறுகூடச் சாப்பிட்டதில்லை.

எங்கள் வார்டின் கோடியில் ஒரு தனி அறை இருந்தது. கதவில் சின்னக் கண்ணாடி. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்கள், ரத்தத்தில் வெள்ளை அணு தரைமட்டத்துக்குப் போகிற நாட்களில் அங்கே வந்து இருப்பார்கள். வெள்ளை அணுதான் உடம்புக்குக் காவல். அந்த மருந்து திருடனை அடிக்கும்போது காவல்காரனையும் சேர்த்து அடித்துவிடும். காவலே இல்லாத உடம்பில், நமக்குத் தும்மலோடு போகிற கிருமி உயிரையே எடுத்துக்கொண்டு போகும். அதனால் அந்த அறைக்குப் பூ கூடாது, மாலை கூடாது. சமைக்காத காய்கறி கூடாது. பழம் என்றால் தடித்த தோல் உள்ளதைக் கழுவித்தான் உரிக்க வேண்டும். தண்ணீர் கொதித்து ஆறியது மட்டும். உடம்பு லேசாகச் சுட்டாலும் "சாதாரணக் காய்ச்சல்" என்ற வார்த்தையே அந்த அறையில் கிடையாது. காய்ச்சல் என்றால் உடனே டாக்டர், உடனே மருந்து.

இந்த அறைக்குத்தான் சித்ரா வந்தாள். மாரண்டஹள்ளியைத் தாண்டி ஒரு கிராமம். புருஷன் தக்காளி போடுகிறவர். இவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். ஒரு பெண் குழந்தை. வெளியூர்ப் பெரிய மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொண்டு, அணு குறைகிற நாட்களுக்குப் பக்கம் என்று எங்களிடம் சேர்ந்தாள். கூடவே அவள் அம்மா பச்சையம்மா.

சித்ராவைக் கொல்லக் கூடியது கிருமி என்று நான் நினைத்திருந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அது மரியாதை.

எங்கள் பக்கம் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். போகாதவனை அடுத்த விசேஷத்தில் எல்லார் முன்னாலும் கேட்பார்கள். சித்ராவின் சொந்தம் பெருஞ்சொந்தம். சந்தைக்குக் காய் ஏற்றிப் போகிற குட்டியானை வண்டியில் ஏறி மொத்தமாக வந்து இறங்கினார்கள். அதில் இரண்டு பேருக்கு இருமல். ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகல். முன்னால் வந்தவர் பெரியசாமி, சித்ராவின் சின்ன மாமனார். கையில் தண்ணீர் பாட்டில்.

"தீர்த்தமலை தீர்த்தம்ங்க. முட்டி வலியோட மலையேறிப் புடிச்சாந்தேன். புள்ளைக்கு ரெண்டு வாய் குடுத்துட்டுப் போயிடறேன்."

"ஐயா, அதுக்கு இப்ப பச்சத்தண்ணி ஆகாதுங்க."

"பச்சத்தண்ணியா? யோவ் பிரதரு, இது தீர்த்தம்யா!"

நான் வாசலில் மல்லுக்கட்டி நிறுத்தினேன். சாப்பிடப் போய்த் திரும்புவதற்குள் பெரியசாமியும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். சித்ரா எழுந்து உட்கார்ந்து, மொட்டைத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீற்றோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலில் தீர்த்தம் கொஞ்சம் குறைந்திருந்தது.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "ஏம்மா, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மாமாங்க அவரு. முட்டி வலியோட வந்திருக்காரு. எப்பிடிங்க வராதீங்கன்னு சொல்றது?"

"உசுரு போயிடும்மா."

"போவலைன்னா நாளைக்கு அவங்க மொகத்துல முழிக்கணும் இல்லைங்களா? எம் பொண்ணுக்கு ஒரு சடங்கு சீருன்னா யாரு வந்து நிப்பா?"

இதற்குப் பதில் எஸ்தர் சிஸ்டரிடம் இருந்திருக்கும். அவர் அப்போது விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். எனவே வார்டில் மூளை என்று ஒன்று இருந்தால் அது என்னுடையது மட்டும். விபரீதம் அங்கேதான் ஆரம்பித்தது.

டீ குடிக்க வெளியே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரம். அண்ணாந்து பார்த்தேன். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கினால் நம் ஊரில் ஒருத்தன் படியேறுவானா? சொந்தமாவது பந்தமாவது, தெருவிலேயே செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவான். யாரும் யாரையும் "வராதே" என்று சொல்ல வேண்டாம். இலை சொல்லிவிடும். மரியாதையும் கெடாது. எனக்கு என்னையே தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

கதவுக்கு வெளிப்பக்கம்தான் கட்டினேன். அந்த அளவுக்குப் படிப்பு உள்ளே இருந்தது. பச்சையம்மாவிடம், "சும்மா ஆளுங்களை நிறுத்தறதுக்கும்மா. வேற ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன். அவர் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் குட்டியானை வந்தது. பெரியசாமி தாழ்வாரத்தில் பாதி தூரம் வந்தவர், இலையைப் பார்த்து அப்படியே நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா எறங்கியிருக்கா, வாங்கடா போலாம்" என்று கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் மார்பு அளவில் போலீஸ் வேலையே கொடுத்திருப்பார்கள்.

முதல் இடி, தரை துடைக்கிற அம்மாவிடமிருந்து வந்தது. வாளியோடு வாசலில் நின்றுவிட்டார். "ஆத்தா இருக்கிற வூட்டுல மருந்து வாசனையோட நான் கால் வெக்க மாட்டேங்க." அந்த மாவட்டத்திலேயே அதிகச் சுத்தம் தேவைப்பட்ட தரையை அன்று முழுக்க யாரும் துடைக்கவில்லை. கடைசியில் நானே துடைத்தேன்.

அதற்கடுத்த நாள் காலை சித்ராவுக்கு உடம்புச் சூடு பார்த்தேன். தெர்மாமீட்டரில் காய்ச்சல் காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று வேறொன்று எடுத்து வந்தேன். அதுவும் காட்டியது. மூன்றாவதை எடுத்து என் கக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு நேரமும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்திருந்தது. போர்வைக்குள் லேசாக நடுங்கினாள்.

"மாத்திரையெல்லாம் சாப்பிட்டியாம்மா?"

அந்த நாட்களில் கிருமி அண்டாமல் இருக்கவென்றே அவளுக்கு மாத்திரைகள் உண்டு. விழுங்குகிற வரைக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது எஸ்தர் சிஸ்டரின் கட்டளை. நான் பச்சையம்மா கையில் கொடுத்து, "சாப்பாட்டுக்கு அப்பறம் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வாசல் காக்கப் போயிருந்தேன்.

சித்ரா அம்மாவைப் பார்த்தாள். பச்சையம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மாத்திரைகள் எல்லாம் அதற்குள் இருந்தன.

"ஏம்மா?" என்றேன்.

"ஆத்தா இருக்கறப்ப மருந்து குடுப்பாங்களா தம்பி?"

"ஆத்தா வரலைம்மா! நான்தான் சும்மா கட்டுனேன்னு சொன்னேன் இல்ல?"

"நீங்க சும்மா கட்டுனீங்க. அவ சும்மா விடுவாளா? கட்டிட்டா கட்டுனதுதான். வெளையாட்டுக்குக் கட்டுனேன்னு அவகிட்ட யாரு போய்ச் சொல்றது, நீங்க சொல்றீங்களா?"

அந்த அம்மா என்னைவிட ஒழுங்காக யோசித்திருந்தார். இலையின் அர்த்தத்தை ஊரே மதிக்கும் என்று நம்பித்தானே கட்டினேன்? உள்ளே இருப்பவரும் மதிப்பார் என்பது மட்டும் எனக்கு எட்டவில்லை.

வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் சத்தமில்லாத செருப்பு. எஸ்தர் சிஸ்டர் விடுப்பு முடிந்து வந்துவிட்டார். வேப்பிலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"காய்ச்சலா?"

தலையாட்டினேன்.

"மொதல்ல மருந்து. மத்ததெல்லாம் அப்பறம் பேசலாம், சார்."

அந்த 'சார்' என் முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. டாக்டருக்குச் சொல்லியாயிற்று. கை கழுவினோம். நான் கழுவிக்கொண்டே இருந்தேன். "போதும், தோல் உரிஞ்சிடும்" என்றார். கிருமி எது என்று பார்க்க இரண்டு இடங்களில் ரத்தம் எடுக்க வேண்டும். தோலை மருந்துப் பஞ்சால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்தேன். அவசரத்தில், சீக்கிரம் காயட்டும் என்று குனிந்து ஊதப் போனேன். அவர் என் தோளில் ஒரு விரலை வைத்தார். "ஊதாதீங்க. தானா காயட்டும்." அது காய்கிற வரைக்கும் பச்சையம்மாவோடு சேர்த்து மூன்று பேரும் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதுவும் காய்ந்ததில்லை. ரத்தம் எடுத்தோம். எந்தக் கிருமி என்ற பதில் வரும்வரை காத்திருக்காமல், டாக்டர் சொன்ன மருந்தை எஸ்தர் சிஸ்டர் உடனே ஏற்றினார். ஒவ்வொரு முறையும் மருந்து ஏறுகிற குழாயின் வாயைத் தேய்த்துத் துடைத்த பிறகே ஊசியைப் பொருத்தினார். பதற்றமே இல்லை. பதற்றப்பட ஒரே ஆள் போதும் என்று நினைத்திருப்பார், அதற்கு நான் இருந்தேன்.

பிறகு மாத்திரை. பச்சையம்மா அசையவில்லை. "தலைக்குத் தண்ணி ஊத்தாம இலையை எடுக்கக் கூடாதுங்க. இலை இருக்கற வரைக்கும் மாத்திரை குடுக்க மாட்டேன்."

காய்ச்சலில் கிடக்கிற, கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு எப்படித் தலைக்கு ஊற்றுவது? எஸ்தர் சிஸ்டர் அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இலையைக் கட்டுனது யாரும்மா?"

"இந்தத் தம்பிதாங்க."

"உங்க பொண்ணு கேட்டுச்சா?"

"இல்லைங்க."

"அப்ப யாரு தலைக்கு ஊத்தணும்?"

பச்சையம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுவும் ஞாயம்தாங்க" என்றார்.

வார்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியோரம் என்னைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், பெயர் அட்டை எல்லாம் அப்படியே. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைப் பச்சையம்மா குடம் குடமாக என் தலையில் ஊற்றினார். "தெரியாத புள்ள, வெளையாட்டுக்குப் பண்ணிட்டான், பொறுத்துக்கோ ஆத்தா" என்று எனக்காக அவரே மன்னிப்புக் கேட்டார். ஜன்னல் ஜன்னலாக ஆட்கள். டாக்டர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, கேட்டால் பதில் சொல்வார்களே என்று பயந்து கேட்காமலே போனார். நான் மஞ்சளாக எழுந்தேன். பச்சையம்மா தன் கையாலேயே இலையை அவிழ்த்தார். கை கழுவினார், கட்டைவிரலையும் திருகித்தான். மாத்திரையை மகள் வாயில் போட்டார். அவள் விழுங்குகிற வரைக்கும் மூன்று பேரும் பக்கத்தில் நின்றோம்.

அன்று நான் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நான் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். "இந்தக் காய்ச்சல் எதனால் வந்தது, டாக்டர்?" என்று ஒருநாள் கேட்டேன். "மாத்திரை விட்டதாலேயும் இருக்கலாம். வந்தவங்க இருமுனதாலேயும் இருக்கலாம். தீர்த்தமாவும் இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் வரும்" என்றார். இன்றுவரை எனக்குத் தெரியாது. அது தெரியாததுதான் இத்தனை வருஷமாகக் குடைகிறது.

இலை இறங்கிய சேதி ஊருக்குப் போனதும் குட்டியானை மறுபடி வந்தது. நான் வாசலுக்கு ஓடினேன். எஸ்தர் சிஸ்டர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். மஞ்சள் இன்னும் போகாத சட்டை. பிறகு சித்ராவிடம் போனார்.

"நாங்க சொன்னா ஆஸ்பத்திரி வெரட்டுதும்பாங்க. ஒடம்பு உன்னோடது. நீ சொல்லு."

சித்ரா வெகுநேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு அம்மாவின் போனை வாங்கினாள். கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியசாமி, கையில் புது பாட்டில். அவர் காதில் போன். முகக்கவசத்துக்குள்ளிருந்து அவள் குரல் எனக்கே மெல்லத்தான் கேட்டது.

"மாமா. நீங்க உள்ள வந்தா நான் செத்துப் போயிடுவேன். வூட்டுக்குப் போங்க மாமா."

பெரியசாமியின் வாய் திறந்து மூடியது. இதோ கத்தப் போகிறார், இதோ சொந்தம் அறுந்தது என்று நினைத்தேன்.

"அப்ப தீர்த்தம்?" என்றார் அவர், குரல் உடைந்து.

"சாமி படத்துக்கு முன்னாடி வைங்க. நான் வந்து கும்புட்டுக்கறேன்."

அவர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினார். பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "புள்ள சொல்லிடுச்சு. எவனும் உள்ள போவக் கூடாது. போனா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதவுக்கு அவரைவிட நல்ல காவல் அமையவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து, வருகிற சொந்தத்தையெல்லாம் அங்கேயே பேசித் திருப்பி அனுப்பினார்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. அணு ஏறியது. சித்ரா வீட்டுக்குப் போனாள். மறுபடி மருந்து, மறுபடி எங்கள் அறை. ஒருமுறை நோய் திரும்பிவிட்டது என்றும், அவள் தம்பியின் எலும்பு மஜ்ஜையை எடுத்து வைக்க வெளியூருக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றும் பச்சையம்மா சொன்னார். அப்படி வைத்தால் பிறகும் நெடுநாள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற மாத்திரை உண்டு. பயமும் அத்தனை நாளைக்கு உண்டு. அதற்கப்புறம் அவர்கள் வரவில்லை. எஸ்தர் சிஸ்டர் ஓய்வு பெற்றார். நானும் பெற்றேன். மாரண்டஹள்ளி பஸ்ஸில் அவர்கள் ஊர்க்காரர்களைப் பார்த்தால், கேட்க வாயெடுப்பேன். என்ன பதில் வருமோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

போன மாதம் எனக்குச் சளி. நாலு நாளாக விடாத தும்மல். மாத்திரை வாங்கப் பழைய ஆஸ்பத்திரிக்கே போனேன். புது வார்டின் தானியங்கிக் கதவையும் அப்படியே பார்த்துவிட்டு வரலாம் என்று அந்தப் பக்கம் நடந்தேன். கதவு திறந்தது. முகக்கவசம் போட்ட ஒரு பெண் வெளியே வந்தாள். இரட்டைச் சடை போடுகிற அளவுக்கு முடி. கையில் தைத்த துணிப் பை. முதலில் அந்தக் கண்ணைத்தான் அடையாளம் கண்டேன். மூன்று தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி வைத்த காலையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்த கண்.

எனக்குக் கால் தரையில் இல்லை. துண்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினேன்.

"சித்ரா! அம்மாடி, எப்பிடிம்மா இருக்க? என்னைத் தெரியுதா? வேப்பிலை பிரதரு! உனக்காக மஞ்சத்தண்ணி ஊத்திக்கிட்டவன்! வா, வா, உன்னை ஒரு வாட்டி பக்கத்துல நல்லாப் பாத்துக்கறேன்..."

தும்மல் வந்துவிட்டது. அவள் இரண்டடி பின்னால் போய், டிராபிக் போலீஸ் மாதிரி கையை நீட்டினாள்.

"தள்ளி நில்லுங்க, பிரதர்."